நோயாளியின் வீட்டுக்கு வந்த விளக்கு
புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை

கை விளக்கு ஏந்திய காரிகை என்றால் எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில், நடு இரவில், கையில் விளக்கை எடுத்துக்கொண்டு, சிப்பாய்களின் படுக்கை அருகே போய் நின்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான் அவர்.

அந்தப் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்போம். ஆனால் அது அவருடைய வாழ்க்கையில் இரண்டு ஆண்டுக் கதைதான். அவர் வாழ்ந்தது 90 ஆண்டுகள்!

மீதி ஆண்டுகளில் அவர் ஒரு கேள்வியை விடாமல் கேட்டார். நோயாளியை அன்போடு கவனிக்கிறார்கள், சரி. அந்தக் கவனிப்பு நல்ல கவனிப்புதானா? அதனால் நோயாளி பிழைக்கிறாரா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் அவர் இப்படிக் கேட்கவில்லை. வீட்டில் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றியும் கேட்டார்.

இன்று வீட்டுக்கே நர்சுகளை அனுப்பும் ஏற்பாடு பல ஊர்களில் இருக்கிறது. வயதான தாயையோ தகப்பனையோ, சம்பளத்துக்கு வரும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் எத்தனையோ! அந்தக் குடும்பங்கள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது.

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, இத்தாலி நாட்டில் உள்ள புளோரன்ஸ் நகரத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். சுற்றுப்பயணம் போன இடத்தில் குழந்தை பிறந்ததால், அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தகப்பனார் பெரிய பணக்காரர். இங்கிலாந்தில் அவருக்கு இரண்டு மாளிகைகள். வேலைக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. மகள்கள் இருவருக்கும் தகப்பனாரே ஆசிரியராக இருந்து கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் கற்றுக்கொடுத்தார். புளோரன்சுக்குக் கணக்கு என்றால் உயிர். எதையும் எண்ணிப் பார்த்து, எழுதி வைக்கும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

நல்ல இடத்தில் மணம் முடித்து, விருந்தும் கேளிக்கையுமாக மகள் வாழ வேண்டும் என்பது தாயாரின் ஆசை. மகளின் ஆசை வேறு. 16 வயதில், கடவுள் தன்னை ஏதோ ஒரு தொண்டுக்கு அழைப்பதாக அவருக்குத் தோன்றியது. அது என்ன தொண்டு என்று தெரியாமல் பல ஆண்டுகள் தவித்தார்.

கண் எதிரே ஒரு சாவு

1845-ம் ஆண்டு அவருக்கு வழி தெரிந்தது.

அந்த ஆண்டில் அவர் தம் பாட்டியின் நோய்ப்படுக்கை அருகே இருந்தார். தம்மை வளர்த்த ஆயாவின் கடைசி நாட்களிலும் கூட இருந்து கவனித்தார். கிராமத்து ஏழைகளின் குடிசைகளுக்கும் போய் வந்தார்.

ஒரு குடிசையில் ஓர் ஏழைப் பெண் அவர் கண் எதிரே இறந்துபோனாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. இரவு முழுவதும் கண் விழித்துக் காவல் இருந்தவர்கள் உண்டு. ஆனால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுடைய அறியாமை, விஷம் கொடுத்ததற்குச் சமம் என்று புளோரன்ஸ் உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது; அந்த ஆளுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் குடிசையில் அவர் கற்றுக்கொண்டார்.

உடனே, சாலிஸ்பரி ஆஸ்பத்திரியில் சேர்ந்து நர்சு வேலை பழக வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டார். வீட்டில் பூகம்பம் வெடித்தது!

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நர்சு என்றால் மதிப்பு கிடையாது. குடித்துவிட்டு நோயாளியின் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறவர்கள் என்று பெயர். புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், மார்ட்டின் சசில்விட் என்ற நாவலில் கேம்ப் என்ற ஒரு கிழவியைப் படைத்தார். வீடு வீடாகப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்சு அவள். எப்போதும் மது வாடை. தன் சௌகரியம் முதலில், நோயாளி அப்புறம். அதைப் படித்த ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படிப்பட்டவர்களை எல்லோரும் நேரில் பார்த்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட வேலைக்குச் சீமான் வீட்டு மகள் போவதா? பெற்றோர் கண்டிப்பாக மறுத்துவிட்டார்கள்.

புளோரன்ஸ் சோர்ந்துவிடவில்லை. விடியற்காலையில் எழுந்து, ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளை வாங்கி ரகசியமாகப் படித்தார். பல ஆண்டு காத்திருந்த ஒரு கனவானின் திருமண வேண்டுகோளையும் மறுத்தார். கடைசியில் 1851-ம் ஆண்டு, ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் இருந்த கிறிஸ்தவத் தொண்டு நிலையத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்.

1853-ம் ஆண்டில், லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்காக நடந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தலைவி ஆனார். சம்பளம் கிடையாது. தகப்பனார் மனம் இரங்கி, ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்குக் கொடுத்தார்.

அங்கே போனதும் அவர் செய்த காரியங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் சுடுநீர் வரும்படி குழாய் போட ஏற்பாடு செய்தார். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி வைக்கச் சொன்னார். நோயாளி அழைத்தால், எந்தப் படுக்கையில் இருந்து அழைப்பு வந்தது என்று தெரியும்படி மணிகள் வேண்டும் என்றார். மாடிப்படி ஏறி இறங்கும் நேரம் மிச்சமானால், அந்த நேரம் நோயாளிக்குக் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, என்ன செய்தோம், என்ன செலவு, எத்தனை நோயாளிகள், யார் குணமானார்கள் என்று நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை எழுதினார்.

போர்க்களத்தில்

1854-ம் ஆண்டில் கிரிமியா யுத்தத்தில் இங்கிலாந்தும் இறங்கியது. ரஷ்யாவை எதிர்த்து இங்கிலாந்து, பிரான்சு, துருக்கி ஆகிய நாடுகள் போரிட்டன. காயம்பட்ட இங்கிலாந்துச் சிப்பாய்கள் கவனிப்பார் இல்லாமல் சாகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நாடே கொதித்தது.

போர் மந்திரி சிட்னி ஹெர்பர்ட், புளோரன்சின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி, 38 நர்சுகளை அழைத்துக்கொண்டு புளோரன்ஸ் கிளம்பினார். நவம்பர் மாதம் துருக்கியில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே கண்ட காட்சி பயங்கரமானது. தாழ்வாரம் முழுவதும் நோயாளிகள். மாற்றுச் சட்டை இல்லை. சோப்பு இல்லை. துடைக்கத் துணி இல்லை. புளோரன்ஸ் தம்மிடம் இருந்த பணத்தில் துடைப்பமும் தூரிகையும் சட்டைகளும் வாங்கினார். துணி வெளுக்க இடம் பிடித்தார். நோயாளிக்கு ஏற்ற உணவு சமைக்கத் தனிச் சமையற்கட்டு அமைத்தார். இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். சிப்பாய்கள் அவரைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள்.

ஆனால் சாவு குறையவில்லை! பனிக்காலம் முற்ற முற்ற, சாவும் ஏறிக்கொண்டே போனது. 1855-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், அங்கே சேர்க்கப்பட்ட நோயாளிகளில் 100-க்கு சுமார் 42 பேர் இறந்தார்கள்.

அன்பு இருந்தது. உழைப்பு இருந்தது. பிறகு ஏன் இந்தச் சாவு?

மார்ச் மாதம் லண்டனில் இருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. கட்டிடத்துக்கு அடியில் இருந்த சாக்கடைகள் அடைத்து நாறுவதையும், தண்ணீர் வரும் வழியில் செத்த குதிரை கிடப்பதையும் கண்டுபிடித்தது. சாக்கடையைக் கழுவினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். சாவு மளமளவென்று இறங்கியது. ஜூன் மாதத்தில் 100-க்கு சுமார் 2 பேர்தான் இறந்தார்கள்.

1856-ம் ஆண்டு ஊர் திரும்பிய புளோரன்ஸ், வரவேற்பு வேண்டாம் என்று ஒதுங்கி, அந்தச் சாவுக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணர் துணைக்கு வந்தார். போர்க் காயத்தால் இறந்தவர்களைவிட, ஆஸ்பத்திரியிலும் முகாமிலும் நோயால் இறந்தவர்களே பல மடங்கு என்று கணக்கு காட்டியது. அவற்றில் பெரும் பகுதி, தடுத்திருக்கக்கூடிய சாவு.

இதை மந்திரிகளுக்குப் புரிய வைக்க, வட்ட வட்டமாக வண்ணப் படங்கள் வரைந்தார். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் உண்மை விளங்கிவிடும். 1858-ம் ஆண்டில், லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினர் ஆக்கியது. அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரத்தையும் இப்படித்தான் ஆராய்ந்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கேள்விகளை அச்சடித்து, சென்னை மாகாணம் உள்பட எல்லா ராணுவ நிலையங்களுக்கும் அனுப்பி, பதில்களை வைத்தே 1863-ல் நிலைமையை அம்பலப்படுத்தினார்.

தாய்மார்களுக்கு ஒரு புத்தகம்

போரில் இருந்து திரும்பிய புளோரன்சின் உடம்பு கெட்டுவிட்டது. பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே வேலை செய்தார். நோயாளியின் கஷ்டம் நோயாளிக்குத்தானே தெரியும்? அந்த அனுபவமும் சேர்ந்து, நர்சு வேலையைப் பற்றிய குறிப்புகள் என்ற சிறு புத்தகம் வெளிவந்தது. எழுதியது 1859-ம் ஆண்டில்.

ஆஸ்பத்திரி நர்சுகளுக்காக எழுதிய புத்தகம் அல்ல அது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக எழுதியது. எந்தப் பெண்ணுக்கும் என்றாவது ஒரு நாள் அந்தப் பொறுப்பு வரும் என்பது அவருடைய எண்ணம். 1861-ம் ஆண்டில், உழைக்கும் மக்களுக்காக மலிவுப் பதிப்பும் கொண்டுவந்தார். அதில் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஓர் அத்தியாயம் கூடுதலாகச் சேர்த்தார்.

வீட்டுக்குள் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? ஐந்து விஷயங்களைச் சொன்னார்: நல்ல காற்று, நல்ல தண்ணீர், சரியான சாக்கடை, சுத்தம், வெளிச்சம். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மருந்து மட்டும் காப்பாற்றாது என்றார். நோயாளியைத் தொடுகிறவர் அடிக்கடி கை கழுவ வேண்டும் என்றும் எழுதினார்.

நோய்க்கிருமிகளைப் பற்றி அப்போது உலகத்துக்குச் சரியாகத் தெரியாது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று அவரும் நம்பினார். அந்தக் காரணம் தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சொன்ன சுத்தம் இன்றைக்கும் உயிர் காக்கிறது.

அந்தப் புத்தகத்தில் இன்றைய குடும்பங்களுக்கு மிகவும் தேவையான பகுதி ஒன்று உண்டு. நான் இருக்கும்போது எல்லாம் சரியாக நடக்கிறது. நான் இல்லாதபோது என்ன நடக்கிறது? இதுதான் அந்தப் பகுதியின் பொருள். எல்லாவற்றையும் தானே செய்வது பொறுப்பு ஆகாது. தான் இல்லாத நேரத்திலும் அது நடக்கும்படி ஏற்பாடு செய்வதே பொறுப்பு என்று விளக்கினார். வெளியே போகும்போது நோயாளியிடம் சொல்லாமல் போகக்கூடாது. எப்போது வருவோம் என்றும் சொல்லிவிட வேண்டும் என்றார்.

இன்னொன்று, கேள்வி கேட்கும் முறை. இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டால், நன்றாகத் தூங்கினார் என்று பதில் வரும். அதனால் பயன் இல்லை. எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு விழித்தார் என்று கேட்க வேண்டும். சாப்பிட்டாரா என்று கேட்பதைவிட, எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். தட்டில் சோற்றை வைத்துவிட்டு, நோயாளி தொடாததையும் கவனிக்காமல் எடுத்துப் போவதால், எல்லாம் இருந்தும் பட்டினி கிடக்கும் நோயாளிகள் ஏராளம் என்று வருந்தினார்.

படுக்கைப் புண் வந்தால், பெரும்பாலும் அது நோயின் குற்றம் அல்ல, கவனிப்பின் குற்றம் என்றும் எழுதினார். இன்றைக்கும், ஓரிடத்தில் கவனிப்பு எப்படி இருக்கிறது என்று ஆராய்பவர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளங்களில் படுக்கைப் புண்ணும் ஒன்று.

லிவர்பூல் வியாபாரி

லிவர்பூல் நகரத்தில் வில்லியம் ராத்போன் என்ற பெரிய வியாபாரி இருந்தார். அவருடைய மனைவி நோயுற்று, 1859-ம் ஆண்டில் இறந்துபோனார். கடைசி நாட்களில் மேரி ராபின்சன் என்ற நர்சு, வீட்டில் தங்கி அந்த அம்மாளைக் கவனித்துக்கொண்டார்.

துக்கத்தில் இருந்த ராத்போனுக்கு ஓர் எண்ணம் வந்தது. இவ்வளவு வசதி இருந்தும் நம் வீட்டுக்கே நர்சு இவ்வளவு உதவியாக இருந்தாரே, ஒன்றும் இல்லாத ஏழை வீட்டில் நோயாளியின் கதி என்ன? அதே மேரி ராபின்சனை மூன்று மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்.

ஒரு மாதத்தில் மேரி அழுதுகொண்டே திரும்பி வந்தார். அங்கே உள்ள துன்பத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். ராத்போன் தைரியம் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது மேரி மனம் மாறியிருந்தார். தம் கையால் பலர் எழுந்து நடப்பதைப் பார்த்த பிறகு, அந்த வேலையை விட அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு மேரி போதாது, பலர் வேண்டும் என்று ராத்போன் தேடினார். பயிற்சி பெற்ற நர்சுகள் கிடைக்கவில்லை. புளோரன்சுக்குக் கடிதம் எழுதினார்.

லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் புளோரன்ஸ் 1860-ம் ஆண்டில்தான் நர்சுப் பள்ளி தொடங்கியிருந்தார். அனுப்புவதற்கு அவரிடமும் ஆள் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே உண்டாக்குங்கள் என்று யோசனை சொன்னார். லிவர்பூல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து பயிற்சிப் பள்ளி பிறந்தது. நகரத்தை 18 வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு நர்சு, மேற்பார்வைக்கு ஒரு சீமாட்டி என்று ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்சுத் தொண்டு, இங்கிலாந்தில் இப்படித்தான் ஒழுங்கு பெற்றது.

லண்டனில் ஒரு விசாரணை

1874-ம் ஆண்டில், லண்டனிலும் இதே போல் ஒரு சங்கம் தொடங்க முயற்சி நடந்தது. ஆரம்பிக்கும் முன்பே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏற்கனவே வீடுகளுக்குப் போய்வரும் நர்சுகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று விசாரணை நடத்தினார்கள். விசாரித்தவர், புளோரன்சின் பள்ளியில் பயின்ற புளோரன்ஸ் லீஸ் என்ற அம்மையார்.

பலருக்குப் பயிற்சி போதாது. அவர்கள் வேலையைச் சரிபார்க்க ஆள் இல்லை. நோயாளியைக் கவனிப்பதைவிட, பணமும் பண்டமும் தானம் கொடுப்பதே பெரிய வேலையாக இருந்தது. கொடுக்கிற கையைப் பார்த்து ஜனங்கள் வாழ்த்தினார்கள். நோய் மட்டும் தீரவில்லை.

இந்த விசாரணைக்குப் பிறகு கண்டிப்பான முறைகள் வந்தன. ஆஸ்பத்திரியில் பயிற்சி, அதற்குப் பின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் தனிப் பயிற்சி. நர்சுகள் ஒரே விடுதியில், ஒரு தலைவியின் மேற்பார்வையில் தங்க வேண்டும். தானம் கொடுக்கக் கூடாது. டாக்டருக்கு நோயாளியின் நிலைமையைச் சரியாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் அறையைச் சுத்தம் செய்து, அதை அப்படியே வைத்துக்கொள்ள வீட்டாருக்கும் பழக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி நர்சைவிட, வீட்டுக்குப் போகும் நர்சு கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று புளோரன்ஸ் 1876-ல் பத்திரிகைக்கு எழுதினார். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் டாக்டர் வருவார். மற்ற நர்சுகள் இருக்கிறார்கள். வீட்டில் அவர் தனி. தவறு நடந்தால் பார்க்கவும் ஆள் இல்லை, திருத்தவும் ஆள் இல்லை.

1887-ம் ஆண்டில் விக்டோரியா ராணியின் பொன்விழா வந்தது. நாட்டுப் பெண்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் 70,000 பவுனை, வீட்டு நர்சுத் தொண்டுக்கே ராணி ஒதுக்கினார். அதில் பிறந்த ஸ்தாபனம், நர்சுகளின் வேலையை இன்ஸ்பெக்டர்களைக் கொண்டு சரிபார்த்தது.

விளக்கு அணைந்தது

வயதான காலத்தில், புளோரன்சுக்கே வீட்டு நர்சு தேவைப்பட்டது. கண் பார்வை போயிற்று. ஞாபகமும் மங்கியது. அப்போதும் பழைய வழக்கம் போகவில்லை. இரவில் நர்சு வந்து போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனதும், கிழவி மெல்ல எழுந்து அடுத்த அறைக்குப் போய், நர்சுக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு வருவாராம்!

1907-ம் ஆண்டில், இங்கிலாந்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆப் மெரிட் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி, தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் கொடுக்க முன்வந்தார்கள். உறவினர்கள் வேண்டாம் என்றார்கள். கிராமத்துக் கோயில் கல்லறையில், பெயரின் முதல் எழுத்துகளும் ஆண்டுகளும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் அவர் உறங்குகிறார். அவர் பிறந்த மே 12-ந் தேதியை உலகம் நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறது.

வீட்டுக்கு ஒரு நர்சை அமர்த்துகிறவர்கள் அவருடைய கேள்விகளைக் கேட்கலாம். வருகிறவருக்கு எங்கே பயிற்சி? அவருக்கு மேலே சரிபார்க்கிறவர் யார்? நாம் இல்லாத நேரத்துக்கு என்ன ஏற்பாடு? மருந்தும் சாப்பாடும் தூக்கமும் மணி போட்டு எழுதப்படுகின்றனவா? கை கழுவுகிறாரா? நோயாளியின் முதுகில் புண் உண்டா என்று நாமே பார்த்தோமா?

இப்படிக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. நல்ல நர்சு இந்தக் கேள்விகளைக் கண்டு கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். அவருடைய உழைப்பு நம் கண்ணில் படுவதும் அப்போதுதான்.